இரவல் போன கால்

எங்கள் தெருவில் யார் புது வண்டி வாங்கினாலும் ஷோரூமிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போக மாட்டார்கள். முதலில் நாங்கள் இருந்த வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். கீழ்வீட்டு அக்கா பாதிச் சமையலில் எழுந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். இடது காலைத் தூக்கி வண்டியின் கால்மிதியில் ஒரு தடவை வைத்து எடுப்பாள். எலுமிச்சம்பழம், மாலை, பூஜை எல்லாம் அதற்கப்புறம்தான்.

நான் அந்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். காளவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. கோச்சடையில் குடிபோன புதிதில் இந்தக் கூத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஆத்திரம் இன்றுவரை போகவில்லை. எனக்கு வாய் நீளம் என்று அந்தத் தெருவில் பேர். இருக்கட்டும். வாய் நீளமாக இருப்பவர்கள்தான் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்காவின் இடது உள்ளங்காலில், குதிகாலை ஒட்டி ஒரு மச்சம் இருந்தது. கல்யாணத்தின்போது மிளகு அளவுதானாம். பெண் பார்க்க செக்கானூரணிப் பக்கம் அவர்கள் தோட்டத்துக்குப் போனபோதே மாப்பிள்ளையின் மூத்த அக்கா அதைப் பார்த்துவிட்டார். பெண்ணுக்கு இடப்பக்கம் மச்சம் இருந்தால் யோகம், அதுவும் உள்ளங்காலில் இருந்தால் அவள் மிதித்த இடமெல்லாம் விளங்கும் என்று அங்கேயே சொல்லிப் பூவும் வைத்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை அப்போது சைக்கிளில் ஊர் ஊராகப் பாத்திரம் விற்றுக்கொண்டிருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு மனை புரோக்கர் ஆனார். நாலா பக்கமும் மதுரை வீங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தொழிலில் இருந்த எல்லாரும்தான் சம்பாதித்தார்கள். ஆனால் நான் அண்ணன் என்று கூப்பிடும் இவருக்கு மட்டும் அது அக்காவின் காலால் வந்தது.

அதிலிருந்து அந்தக் கால் அக்காவுடையதாக இல்லாமல் போனது. மனை பிரித்தால் முதல் அடி அவள் வைக்க வேண்டும். கடை திறந்தாலும் போர் போட்டாலும் கூப்பிட்டார்கள். ஒருவர் மினி பஸ் வாங்கி, அதன் படியில் அவள் கால் வைப்பதற்காக விடிவதற்குள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றார். அக்கா யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. அவளுக்கு அந்த வார்த்தையே தெரியாது. என்ன கேட்டாலும் "அதுக்கென்ன, வாரேன்" என்பாள்.

காலை மட்டும் கொடுத்தாள் என்று நினைக்க வேண்டாம். மிக்ஸியைக் கொடுப்பாள், அது ஜார் உடைந்து திரும்பி வரும். வீடு வீடாக வரும் விற்பனைக்காரப் பையன் வெயிலில் நிற்கிறானே என்று ஏற்கெனவே இருக்கிற குக்கரையே மறுபடி வாங்குவாள். ஒரு சித்திரையில் எதிர்வீட்டுப் பெண் அழகர்கோவிலுக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டு, பிறகு முட்டி வலிக்கிறது, எனக்காக நீங்கள் நடந்துவிட முடியுமா என்று அக்காவிடம் வந்து கேட்டாள். நேர்த்திக்கடனுக்கு ஆள் அனுப்புவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா அந்த வெயிலில் செருப்பில்லாமல் நடந்து போய், காலெல்லாம் கொப்புளமாகத் திரும்பி வந்தாள். வேண்டிக்கொண்டவள் ஃபேனுக்குக் கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளுக்குக் கோயில் தோசை வேறு வாங்கி வந்திருந்தாள்.

"ஏங்க்கா, உங்களுக்கு வாயில்லையா? முடியாதுன்னு ஒரு தடவை சொன்னா என்ன?" என்று சண்டைக்கே போனேன்.

"கேக்குறவுக மொகம் வாடிப்போகும்ல டீச்சர்" என்றாள்.

நான் குடியிருந்த காலத்திலேயே அந்த மச்சம் வளர ஆரம்பித்தது. மிளகு புளியங்கொட்டை ஆனது. பிறகு ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலம் வந்தது. ஓரம் ஒழுங்கில்லாமல் ஒரு பக்கம் கன்னங்கரேல் என்றும் இன்னொரு பக்கம் காப்பிப்பொடி நிறமாகவும் படர்ந்தது. வேறு வீடாக இருந்தால் பயந்திருப்பார்கள். இந்த வீட்டில் பாயசம் வைத்தார்கள். மச்சம் பெருத்தால் சொத்து பெருகும் என்று, பெண் பார்க்க வந்த அந்த நாத்தனார் சொல்லிவிட்டார். அவர் ஆனையூரிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் வந்து அக்காவின் காலைக் கழுவி மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பார். அண்ணன் தன் போனைத் திறந்தால் முகப்பில் சாமி படம் இருக்காது. அக்காவின் உள்ளங்கால்தான் இருக்கும். வருஷா வருஷம் புதுப் படம் எடுத்து மாற்றுவார். பார்க்க வருகிற பார்ட்டிகளுக்கெல்லாம் காட்டுவார்.

ஒரு வைகாசிக் கடைசியில் அது வெடித்து நீர் கசிய ஆரம்பித்தது. அக்கா நடந்த இடமெல்லாம் மொசைக் தரையில் கறை. நான் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, மலர்கிறது, நல்லதுக்குத்தான் என்று மதினி, அதாவது அந்த நாத்தனார், சொன்னார்கள் என்றாள். மலர்கிறதாம். எனக்கு வந்த கோபத்தில் மாடிக்குப் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். பிறகு கீழே வந்து, வண்டியில் ஏறுங்க்கா, டாக்டரிடம் போகலாம் என்றேன். அதற்கும் அவள் "அதுக்கென்ன" என்றுதான் சொன்னாள். எனக்கும் அவளிடம் அந்த வார்த்தையை வைத்துத்தான் காரியம் ஆக வேண்டியிருந்தது.

தோல் டாக்டர் ஒரு சின்னப் பெண். லென்ஸ் வைத்துப் பார்த்தவள் உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள். ஓரத்தில் ஒரு துளி வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றாள். உள்ளங்காலில் மரத்துப்போக ஊசி போடுவது எவ்வளவு வலி என்று அன்றைக்குப் பார்த்தேன். எதற்கும் முகம் சுளிக்காத அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது. ரிசல்ட் வந்தது. மெலனோமா என்கிற தோல் புற்றுநோய். சாதாரண மச்சம் ஆபத்தில்லை, ஆனால் மச்சம் அகலமாகி, நிறம் கலந்து, ஓரம் சிதைந்து, புண்ணானால் உடனே காட்ட வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். உள்ளங்காலில் வருவதை நம் ஊரில் கால் ஆணி என்றும் காயம் என்றும் நினைத்து விட்டுவிடுகிறார்கள் என்றும் சொன்னாள். யோகம் என்று நினைத்து வளர்த்தார்கள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆபரேஷன் செய்கிற டாக்டரைப் பார்க்க எல்லாருமாகப் போனோம். அக்கா, அண்ணன், நாத்தனார், நான். எத்தனை நாளாகப் பெரிதாகிறது என்று டாக்டர் கேட்டார். அண்ணன் பெருமையாகப் போனை எடுத்து, முதல் வருஷத்துப் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். டாக்டர் போனைக் கையில் வாங்கிக் கடைசிப் படம்வரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அந்த அறையிலேயே யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது.

பிறகு டாக்டர் விளக்கினார். மச்சத்தை மட்டும் எடுத்தால் போதாது, அதைச் சுற்றி நல்ல தோலையும் ஒரு விரல் அகலத்துக்குச் சேர்த்து ஆழமாக எடுக்க வேண்டும். அந்தக் குழிக்குத் தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி வைத்து ஒட்ட வேண்டும். நோய் முதலில் தொடையிடுக்கில் இருக்கும் நெறிகளுக்குத்தான், அந்த நிணநீர் முடிச்சுகளுக்குத்தான் போகும், அதனால் காலில் ஒரு நீலச் சாயம் செலுத்தி அது முதலில் போய்ச் சேரும் நெறியை எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு சில வாரம் காலை ஊன்றக் கூடாது. எல்லாம் நன்றாகத்தான் சொன்னார். ஆனால் அத்தனையையும் அண்ணனைப் பார்த்தே சொன்னார். கால் யாருடையதோ அவள் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் அக்காவிடமும் சொல்லுங்கள் டாக்டர் என்றேன். அவர் அவளைப் பார்த்து, பயப்படாதீங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம் என்று சொல்லிவிட்டு மறுபடி அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

"மச்சத்த மட்டும் அப்பிடியே விட்டுட்டு, சுத்தி இருக்குறத எடுக்க முடியாதா டாக்டர்?"

அந்த மச்சம்தான் நோயே என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அடுத்த வாரமே செய்துவிடலாம், தள்ளிப் போடாதீர்கள் என்று தேதியும் கொடுத்தார். அப்போதுதான் நாத்தனார் வாயைத் திறந்தார். அடுத்த வாரம் ஆடி பிறந்துவிடும், ஆடியில் நல்ல காரியம் எதுவும் செய்வதில்லை, கத்தி மட்டும் வைக்கலாமா என்று கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அழகர்கோவில் ரோட்டில் அண்ணன் இரண்டு பேரோடு கூட்டுச் சேர்ந்து பெரிதாக மனை பிரித்திருந்தார். ஆவணி பிறந்ததும் திறப்பு. அக்கா கால் வைத்தால்தான் கூட்டாளிகள் அடுத்த வேலையைத் தொடங்குவார்களாம். மச்சத்தை எடுத்துவிட்டால் எதை வைத்து மிதிப்பது?

அன்று நான் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். பெண்டாட்டி உயிரா, பிளாட்டா என்றே கேட்டுவிட்டேன். அண்ணன் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "இம்புட்டு நாளு காப்பாத்துன மச்சம் டீச்சர், ஒரு மாசத்துல என்னத்தச் செஞ்சிரப் போகுது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நம்பினார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவரை வைதுவிட்டுப் போய்விடலாம், நம்புகிறவரை என்ன செய்வது?

அக்காவாவது மறுத்துப் பேசுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். "அதுக்கென்ன, ஆடி போகட்டும்" என்றாள்.

அந்த ஒரு மாதமும் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் மட்டும் தவறாமல் நடந்தது. ஆவணியில் திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. அக்காதான் வந்து சொன்னாள். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். கட்டோடு மிதித்தால் செல்லாது என்று ஒரு கூட்டாளி சொன்னாராம். அங்கேயே சேரில் உட்கார்த்திக் கட்டை அவிழ்த்தார்களாம். வெறுங்காலோடு அந்தச் செம்மண்ணில் மிதித்தாளாம். எல்லாரும் கை தட்டினார்களாம். "மண்ணு நல்லாச் சுட்டுச்சு டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். புண்ணுக்குள் போயிருந்த மண்ணை நான் டெட்டால் வைத்துக் கழுவிவிட்டேன்.

ஆபரேஷன் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லையாம். ஆனால் நினைவு இருந்ததால் பேச்செல்லாம் கேட்டதாம். காளவாசல் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டதைப் பற்றி நர்சு சொல்லிக்கொண்டிருந்ததைக் கூட அக்கா பிறகு நடித்துக் காட்டினாள். காலை யாரோ இழுப்பது தெரிகிறது, வலி இல்லை, வேறு யார் காலையோ என்னமோ செய்கிற மாதிரி இருந்தது என்றாள்.

வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் என்னிடம் மெதுவாக வந்தார். வெட்டி எடுத்ததைக் கேட்டு வாங்கித் தர முடியுமா என்றார். எதற்கு என்றேன். புது மனையில் ஈசானி மூலையில் புதைக்க வேண்டும் என்று அவருடைய அக்கா சொல்லியிருக்கிறாராம். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஆனாலும் அவர் போய் டாக்டரிடமே கேட்டார். ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அது லேபுக்குப் போயே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். நாத்தனாருக்கு அதில் பெரிய வருத்தம்.

மறுநாள் விடிகாலையில் அக்கா ஒண்ணுக்குப் போன பாத்திரத்தைப் பார்த்துவிட்டு அலறிவிட்டாள். பச்சை நிறத்தில் போயிருந்தது. உள்ளே எதுவோ அழுகிவிட்டது, இனி பிழைக்க மாட்டோம் என்றே நினைத்துவிட்டாள். நர்சு ஓடி வந்து, அந்த நீலச் சாயம்தான் இப்படிப் போகிறது, ஒரு நாளில் சரியாகிவிடும் என்றாள். உங்கள் வீட்டுக்காரரிடம் முன்னாடியே சொன்னோமே என்றாள். அண்ணன் தலையைச் சொறிந்தார். மறந்துவிட்டாராம். தொடை விஷயமும் அப்படித்தான். வெட்டிய கால் அவ்வளவாக வலிக்கவில்லை, தோல் சீவிய தொடைதான் தீயை அள்ளிக் கொட்டியது போல எரிந்தது. அதுதான் அதிகம் எரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவும் அண்ணனிடம்தான், ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது. அக்கா தொடையிலும் புற்று வந்துவிட்டதோ என்று ராத்திரி முழுக்க யாரையும் எழுப்பாமல் பயந்துகொண்டு கிடந்திருக்கிறாள்.

ஒரு வாரம் கழித்துக் காலில் தலையணை மாதிரி வைத்துத் தைத்திருந்த கட்டைப் பிரித்தார்கள். தோல் பிடித்திருந்தது. நசுங்கிய நாவல்பழம் மாதிரி இருந்தது, பிறகு நிறம் மாறும் என்றார்கள். ஊன்றக் கூடாத அந்த நாட்களில் அண்ணன் அக்காவைப் பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் முகத்தில் சலிப்பே இல்லை. நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்லாமல் விடக் கூடாது.

அக்கா அதன் பிறகு சில வருஷம் இருந்தாள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ரப்பர் செருப்புப் போட்டுத்தான் நடந்தாள், ஒட்டிய தோலுக்கு உணர்ச்சி இல்லை. மாதா மாதம் தானே தொடையிடுக்கைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். உடம்பில் புதிதாகக் கறுப்பு வந்திருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்ப்பாள். காலும் வீங்கிக்கொண்டே இருந்தது. புது வண்டி வாங்கியவர்கள் எங்கள் வாசலைத் தாண்டி நேராகக் கோயிலுக்குப் போனார்கள். கூப்பிட்ட வீட்டுக்காரர்களே எதிரில் பார்த்தால் ஒதுங்கினார்கள், யோகத்தை வெட்டிக்கொண்டு வந்தவளாம். அழகர்கோவில் ரோட்டு மனைகள் விற்றுத் தீர்ந்துவிட்டன. ஆபரேஷனுக்கு முன்னால் அவள் கடைசியாக மிதித்த மண் அல்லவா என்று அண்ணன் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன். கடைசியில் நோய் நுரையீரலுக்குப் போய், அக்கா போனாள்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முன்னால் வருவது ஆபரேஷனுக்குப் பிறகு ரிசல்ட் வாங்கப் போன அந்த நாள்தான். கால் ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்று டாக்டர் அண்ணனிடம் சொன்னார். ஆனால் நெறியில் இருக்கிறது, பரவ ஆரம்பித்துவிட்டது என்றார். பிறகு, நான் கொடுத்த தேதியில் ஏன் வரவில்லை என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

"பொம்பள ஆளு டாக்டர். கத்தின்னா பயம். நாங்க எம்புட்டோ சொல்லிப் பாத்தோம்" என்றார் அண்ணன். நாத்தனாரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையை அமுக்கினாள். டாக்டர் அவளைப் பார்த்து, அப்படியெல்லாம் பயப்படலாமாம்மா என்று பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நான் பயப்படல டாக்டர்" என்றாள் அக்கா. "ஆடி போகட்டும்னாக, இருந்தேன். எடத்துல கால் வைக்கணும்னாக, போய் வச்சேன். எம் பயத்தால ஆபரேசன் நிக்கல."

அண்ணன் அவளைத் தடுக்கப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் மதினியும் செத்த நேரம் வெளிய இருங்க."

அவர்களுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு எழுந்து போனார்கள். எல்லாவற்றையும் உங்கள் வீட்டுக்காரரிடம் ஏற்கெனவே விவரமாகச் சொல்லியிருக்கிறேன் அம்மா என்றார் டாக்டர்.

"பச்சையாப் போகும்னு எனக்கு யாரும் சொல்லல டாக்டர். தொட எரியும்னு சொல்லல. செத்துப் போகப் போறோம்னு ரெண்டு தடவ நானாப் பயந்து கெடந்தேன். இனிமே என்ன செய்யப் போறீகளோ, என்ன ஆகுமோ, நல்லதோ கெட்டதோ, எங்கிட்டச் சொல்லுங்க. காலு என்னோடது."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்படிக் கேளுங்க்கா என்று நான் நாற்காலியை முன்னால் இழுத்து, டாக்டரிடம் என் பங்குக்கு நாலு வார்த்தை கேட்கத் தயாரானேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்களுந்தான்" என்றாள்.

நான் எழுந்தேன். டாக்டரும் எழுந்து எனக்குப் பின்னால் வந்து கதவைச் சாத்தினார். வெளியே பெஞ்சில் அண்ணனுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தேன்.